விசைக் கந்தோரில் ஒரு கலியாணம்

கிளிநொச்சியில் பெரிய வீதியோரம் முந்நூறு பேர் இருக்கக்கூடிய ஒரு மண்டபம் உண்டு. வெள்ளை மாபிள் தரை, குளிரூட்டி, சொந்த ஜெனரேற்றர். அதைக் கட்டியவர்களின் முழுப்பெயர் 'ஆசியக் கண்டத்து மக்களைப் பிணைக்கும் மற்றும் பிரிக்கும் விசைகளுக்கான ஆய்வு மன்றம்'. பெயர்ப்பலகை மதிலைவிட நீளமாகிவிட்டதால் 'மன்றம்' என்ற சொல் மட்டும் பக்கத்துச் சைக்கிள் கடையின் எல்லைக்குள் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அலுவலகம் என்றால் கந்தோர், ஆகவே ஊர்ச்சனம் அதை விசைக் கந்தோர் என்று சொல்லும். தலைமையகம் ஆசியாவில் இல்லை. ஒரு கண்டத்தை முழுதாகப் பார்க்கவேண்டுமானால் அதற்கு வெளியே நிற்கவேண்டும் என்று மன்றத்தின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

நாயாற்றுக் கிறகோரி அந்தக் கையேட்டை வாசித்தவரல்ல. கடலிலும் கடலை ஒட்டிய களப்பிலும் மீன் பிடிப்பவர். அவர் மண்டபம் கேட்கப் போனார்.

அவருடைய மகள் டக்சாயினிக்கும் வட்டக்கச்சிச் சிற்றம்பலத்தின் மகன் பிரசாந்தனுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் வவுனியாவில் வேலை செய்தார்கள். அவள் தாதி, அவன் காப்புறுதிக் கந்தோரில் எழுதுவினைஞன். விரும்பியது அவர்கள்தான் என்றாலும் பெற்றோருக்கும் பழக்கம் பதினைந்து வருடத்துக்கு மேல். யுத்தம் முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் முள்வேலி போட்ட அகதி முகாமில் ஒரே கூடாரத்தில் ஒன்பது மாதம் இருந்தன. ஊர் திரும்பிய பிறகும் கிறகோரி கருவாடு கட்டிக்கொண்டு வட்டக்கச்சிக்குப் போவார். அறுவடை முடிந்ததும் சிற்றம்பலம் நெல்லோடு நாயாற்றுக்கு வருவார். காலையில் கடற்கரைக் கோயிலில் பாதரின் ஆசீர்வாதம், பிறகு கிளிநொச்சியில் ஐயரை வைத்துத் தாலி என்று நாளும் குறித்தாகிவிட்டது. மண்டபம்தான் அகப்படவில்லை.

முன்மேசையில் கௌசலா என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தாள்.

"மாப்பிள்ளை பகுதி எவடம் ஐயா?"

"வட்டக்கச்சி. சைவக்காரர். யாழ்ப்பாணத்திலையிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த சனம். வயல் செய்யினம்."

"நீங்கள்?"

"நாயாறு. வேதக்காரர்."

கௌசலா பேனையை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். வரும்போது பணிப்பாளர் கலாநிதி பரமலிங்கமும் கூட வந்தார். அவர் கிறகோரியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"கரையோரக் கத்தோலிக்கர். வயலோரச் சைவர். ரெண்டு மக்கள். சண்டை பிடிக்கிறனீங்களோ?"

"இல்லை சேர். கலியாணம் செய்யப்போறம். நாங்கள் ஒரே சனம்தானே, தமிழ்ச்சனம்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றார் பணிப்பாளர் கவலையோடு. "ஒரே சனத்துக்கு எங்களிட்டை ஒரு திட்டமும் இல்லை. ரெண்டு மக்கள் எண்டா மண்டபம் சும்மா தரலாம். பந்தல், பாட்டுப்பெட்டி எல்லாம் சேர்த்து. மூண்டு நாள் பட்டறைக்கு ரெண்டு பகுதியும் வந்திருந்து கதைச்சாச் சரி."

கிறகோரி மேலே பார்த்தார். கூரையில் கண்ணாடி விளக்குகள் தொங்கின. மகள் அதற்குக் கீழே நடந்து வருவதை அவர் மனக்கண்ணில் கண்டார்.

"அப்ப ரெண்டு எண்டு போடுங்கோ," என்றார்.

வெளியே வந்து சிற்றம்பலத்துக்கு ரெலிபோன் எடுத்தார். "மண்டபம் சும்மா தருவினம் அண்ணை. மூண்டு நாள் இருந்து கதைக்கவேணுமாம்."

"என்னத்தை?"

"நாங்கள் வேறை வேறையாம். அதைப்பற்றி."

"அதுக்கென்ன, கதைச்சாப் போச்சு," என்றார் சிற்றம்பலம்.

முதல் நாள் கிறகோரியும் மனைவி புனிதமும், சிற்றம்பலமும் மனைவி கமலாசனியும் வந்தார்கள். தரையில் ஆசியாவின் படம் தைத்த பெரிய துணி விரித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவரவர் இடத்தில் நிற்கச் சொன்னார்கள். தைக்கும்போது துணி போதாமல் போனதால் இலங்கை அதில் இல்லை. ஆகவே நாலு பேரையும் இந்து சமுத்திரத்தில் நிறுத்தினார்கள். கிறகோரிக்கு அதில் பிழை தெரியவில்லை, அவர் தொழில் அங்கேதான். சிற்றம்பலம் மட்டும் குளிரூட்டியின் காற்றுப் படும் இடமாகத் தேடிச் சைபீரியாவுக்குப் போய்விட்டார்.

பணிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே, ஆசியா மாபெரும் கண்டம். மலைகள் அதைப் பிரிக்கின்றன, பருவக்காற்று பிணைக்கிறது. மதங்கள் பிணைக்கின்றன, அதே மதங்கள் பிரிக்கின்றன. சோறு பிணைக்கிறது, அதைத் தின்னும் விதம் பிரிக்கிறது. இதில் எது முக்கியம் என்று கேட்பீர்கள். பிரிவு இல்லாத இடத்தில் ஒற்றுமைக்கு என்ன வேலை? ஒற்றுமைக்கு வேலை இல்லாத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை? ஆகவே உங்களுடைய வேறுபாடுகளைத் தயங்காமல் எடுத்துத் தாருங்கள். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்."

நாலு பேரும் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

நிகழ்ச்சிநிரலில் பிணைக்கும் விசைகளுக்கு இருபது நிமிடமும் பிரிக்கும் விசைகளுக்கு ஒன்றரை நாளும் ஒதுக்கியிருந்தது. கிறகோரி கருவாடு என்றார். கௌசலா 'கடல்சார் புரதப் பிணைப்பு' என்று பலகையில் எழுதினாள். சிற்றம்பலம் நெல்லு என்றார். அது 'தானியப் பிணைப்பு' ஆனது. புனிதம் மெல்லிய குரலில், "பிள்ளையள் விரும்பினவை," என்றார்.

"அது தனிப்பட்ட விஷயம் அம்மா," என்றாள் கௌசலா. "விசை எண்டா ஆகக் குறைஞ்சது ஒரு லட்சம் பேரையாவது தாக்கவேணும்."

இரண்டாம் நாள் வில்லங்கம் வந்தது. பிரிக்கும் விசை பன்னிரண்டு வேண்டும் என்பது தலைமையகத்தின் கட்டளை. நாலு பேரும் மத்தியானம் வரை முக்கி முனகியும் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை.

"எங்களுக்கு வெள்ளிக்கிழமையிலை இறைச்சி ஆகாது, மீன் காய்ச்சுவம்," என்று பார்த்தார் கிறகோரி. "அவைக்கு வெள்ளிக்கிழமை ரெண்டும் ஆகாது."

கௌசலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதாலை பிரச்சினை வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை. வெள்ளிக்கிழமையிலை நாங்கள் அங்கை போறேல்லை."

பணிப்பாளருக்குப் பொறுமை போய்விட்டது. "போன மாசம் வேறை நாட்டுச் சோடி ஒண்டு பத்தொன்பது விசை தந்தது. அதிலை மூண்டுக்குக் கல்லெறியும் இருந்தது. நீங்கள் மண்டபம் கேட்டு வந்தனீங்கள், ரெண்டு நேரம் சாப்பிட்டனீங்கள். கொஞ்சம் ஒத்துழைக்கவேணும்."

நாலு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. கோழிப் புரியாணியைத் தின்றுவிட்டு ஒரு பிரிவினைகூடக் கொடுக்கமுடியாத நிலை. சிற்றம்பலம், தான் புரியாணி சாப்பிடவில்லை, மரக்கறிதான் சாப்பிட்டேன் என்று சொல்ல நினைத்து, அதையும் விசை என்று எழுதிவிடுவார்களோ என்று பேசாமல் இருந்தார்.

இந்த இடத்தில் நான் ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். வன்னியில் எல்லாருக்கும் தெரிந்தது, ஒருவரும் சொல்லாதது. கமலாசனி நாயாற்றுக்குப் போகும்போது அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கமாட்டார். புனிதம் கேட்கவும் மாட்டார். கடையில் சோடா வாங்கி, மூடி உடைக்காமல் போத்தலோடும் திறப்போடும் தட்டில் வைத்துக் கொண்டுவருவார். "வெய்யிலுக்கை வந்தனீங்கள் அக்கா, சோடா குடியுங்கோ," என்பார். "ஓம் புனிதம், சோடாதான் நல்லது," என்று கமலாசனி தானே திறந்து குடிப்பார். தைப்பொங்கலுக்குக் கமலாசனி கொடுத்துவிடும் படைத்த பொங்கலைப் புனிதம் இரண்டு கையாலும் வாங்குவார். அவர்களுடைய பிள்ளையாருக்குப் படைத்ததைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வராது. எறியவும் மனம் வராது. கோழிகளுக்குப் போடுவார். கமலாசனிக்கு அதுவும் தெரியும். மதங்கள் இரண்டும், அதற்கு அடியில் கிடக்கும் சாதியும், ஒரு சோடாப் போத்தலுக்குள்ளும் ஒரு கோழிக்கூட்டுக்குள்ளும் அடங்கிக் கிடந்தன. இது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்லவரவில்லை. கேவலமான ஏற்பாடுதான். ஆனால் அதன்மேல் ஒரு கலியாணத்தைத் தூக்கி வைக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது.

பின்னேரம் கௌசலா ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே ஒரு வாய், சுற்றிவர ஊதாத் துணி.

"இது உண்மைப் பெட்டி. மனசிலை கிடக்கிறதை எழுதிப் போடுங்கோ. பேர் வேண்டாம்."

புனிதம் அந்த ஊதாவைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது பாதர் கழுத்தில் போடும் பட்டியின் நிறம் அது. அங்கே சொன்ன பாவம், பாதருக்கும் சொல்பவருக்கும் நடுவில் நிற்கும் மரச்சட்டத்தைத் தாண்டி வெளியே போனதாக அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. சிலுவை போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். கமலாசனிக்கோ அம்மன் கோயில் வாசலில் மனக்குறை எழுதிப் போடும் பெட்டி ஞாபகம் வந்தது. அதை ஐயர்கூட வாசிப்பதில்லை, நேரே அம்மனுக்குப் போகிறது. அவரும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு எழுதினார். கிறகோரி 'ஒண்டுமில்லை' என்று எழுதினார். சிற்றம்பலம் 'சாப்பாடு பிந்துது' என்று எழுதினார்.

மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஊர்ச்சனத்தையும் அழைத்திருந்ததால் மண்டபம் நிறைந்திருந்தது. டக்சாயினியும் பிரசாந்தனும் வவுனியாவிலிருந்து லீவு போட்டு வந்து மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். தாங்கள் தாலி கட்டப்போகும் இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

பணிப்பாளர் விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் ஒரு துண்டு, பெற்ற பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில், ஆள் உயரத்துக்கு எழுந்தது.

'பதினைஞ்சு வருசமா அவை தந்துவிடுற பொங்கலை நாங்கள் தின்னேல்லை. கோழிக்குப் போட்டனான். ஆண்டவரே, என்னை மன்னியும்.'

அது போய் அடுத்தது வந்தது.

'தாயே, கலியாணத்துக்குப் பிறகும் அவையின்ர வீட்டிலை எனக்கு மூடி உடைக்காத சோடா கிடைக்கவேணும். வாய்விட்டுக் கேக்க வெக்கமாக் கிடக்கு. நீதான் பாத்துக்கொள்ளவேணும்.'

"பதினொன்று, பன்னிரண்டு," என்று அறிவித்தார் பணிப்பாளர். முதல் பத்தையும் முந்தின நாள் அவரே எழுதி முடித்திருந்தார்.

சோடாவில் என்ன பிரிவு என்று வந்த பெண்மணிக்கு விளங்கவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "சாதி," என்றார்.

"மன்னிக்கவேணும், அந்தச் சொல் எங்கட பட்டியலிலை இல்லை," என்றார் பணிப்பாளர். "மொழி, மதம், மலை, நதி, உணவு, பானம். இது பானம்." கௌசலா 'பானம் சார்ந்த தயக்கம்' என்று குறித்துக்கொண்டாள். பெண்மணி ஆறுதலடைந்தார்.

பிறகு நல்லிணக்கம். அதற்குப் பதினைந்து நிமிடம். புனிதத்தை மேடைக்கு அழைத்து ஒரு கிளாஸ் தண்ணீரைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் கமலாசனிக்குக் கொடுக்கவேண்டும், கமலாசனி குடிக்கவேண்டும், படம் எடுக்கப்படும். கிளாஸ் சரிந்து தண்ணீர் மாபிளில் சிந்தியது.

"முகாமிலை என்ர கையாலை குடிச்சனீங்கள்தானே அக்கா," என்றார் புனிதம். மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. "ஒரே வாளி. நான் மொண்டு தர நீங்கள் குடிச்சனீங்கள்."

"அது அகதித் தண்ணி, புனிதம்," என்றார் கமலாசனி. அவருக்கு அழுகை வந்துவிட்டது. "அதிலை ஆர் என்னத்தைப் பாத்தது?"

கௌசலா இதைப் பெண்மணிக்கு மொழிபெயர்த்தாள். பெண்மணியின் கண்களும் கலங்கின. முள்வேலியைப் பிணைக்கும் விசைகளில் சேர்க்கும்படி சொன்னார். செலவு குறைந்த முறையாக இருக்கிறதே, கண்டத்தின் மற்ற நாடுகளிலும் செய்து பார்த்தால் என்ன என்றும் கேட்டார். பணிப்பாளர் அதைக் கவனத்தில் எடுப்பதாகச் சொன்னார்.

கமலாசனி கிளாஸை வாங்கி அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். நம்மவர்கள் யார் வீட்டிலும் அப்படித்தான் குடிப்பார்கள்.

"அண்ணாந்தாக் கணக்கில்லை," என்றார் பணிப்பாளர். "வாய் வைச்சுக் குடியுங்கோ. படத்திலை விளங்கவேணும்."

இன்னொரு கிளாஸ் வந்தது. கமலாசனி வாய் வைத்துக் குடித்தார். மண்டபம் கை தட்டியது. அடுத்ததாகப் புனிதத்துக்குப் பிளாஸ்ரிக் தட்டில் பொங்கல் வந்தது. கந்தோரில் சமைத்தது, ஆறிப்போயிருந்தது. புனிதம் யாரையும் பார்க்காமல் மூன்று வாய் தின்றார். அதற்கும் தட்டினார்கள். இரண்டு கிழவிகளை மேடையில் ஏற்றித் தண்ணீரும் சோறும் தீத்தி வேடிக்கை பார்த்த அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவர்களும் பலர் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

அப்போது டக்சாயினி எழுந்தாள்.

"மாமி, நான் ஒண்டு கேக்கட்டே?"

பணிப்பாளர் மைக்கை அவளிடம் அனுப்பினார். நிகழ்ச்சியில் இளையோர் பங்கு குறைவு என்ற குறை அவருக்கு இருந்தது.

"நான் உங்கட வீட்டை வந்து, உங்கட குசினியிலை சமைச்சா, நீங்கள் சாப்பிடுவியளோ?"

கமலாசனி வாயைத் திறந்தார். மூடினார். கையில் வெறும் கிளாஸை வைத்துக்கொண்டு மேடையில் நின்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவரல்ல. பதினைந்து வருடம் அந்தப் பொய்யை அழகாகச் சொன்னவர். ஆனால் திரையில் அவருடைய கையெழுத்து இன்னும் ஆள் உயரத்துக்கு நின்றது.

டக்சாயினி பக்கத்தில் இருந்த பிரசாந்தனைப் பார்த்தாள். அவன் நிகழ்ச்சிநிரலை வாசித்துக்கொண்டிருந்தான். அதில் அடுத்துத் தேநீர் என்று இருந்தது. அதை அவன் நீண்ட நேரம் வாசித்தான்.

"அமைதி," என்றார் பணிப்பாளர் மகிழ்ச்சியோடு. "அதையும் குறியுங்கோ. பதின்மூண்டு."

தேநீரின்போது கிறகோரியும் சிற்றம்பலமும் கை கழுவும் இடத்தில் சந்தித்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் குழாயைப் பூட்டவில்லை.

"எனக்குக் கோழிக்கதை முந்தியே தெரியும் கிறகோரி," என்றார் சிற்றம்பலம்.

"எனக்கும் சோடாக்கதை தெரியும்."

"தெரிஞ்சிருந்தது ஒரு பிரச்சினையில்லை. இப்ப ஊரெல்லாம் பாத்துப்போட்டுது. இனி உங்கட பிள்ளை வந்து சமைக்கேக்கை, என்ர மனிசி சாப்பாட்டுக் கோப்பையிலை கை வைக்கிறாவோ எண்டு நாங்கள் எல்லாரும் அவவின்ர கையைப் பாத்துக்கொண்டிருப்பம். நாளாந்தம். எப்பிடிக் கிறகோரி?"

கிறகோரி குழாயைப் பூட்டினார். சிற்றம்பலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரத்தில் ஐயருக்கும் பாதருக்கும் நாள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். பிரசாந்தன் டக்சாயினிக்கு, 'அம்மாவுக்குக் கொஞ்ச நாள் அவகாசம் குடும்' என்று ஒரு செய்தி அனுப்பினான். அவள் பதில் எழுதவில்லை. அவன் இரண்டாவது செய்தி அனுப்பவுமில்லை.

கிறகோரிக்கு இரவில் நித்திரை போயிற்று. 'ரெண்டு எண்டு போடுங்கோ' என்று சொன்னது அவருடைய வாய்தானே. அந்த வாயை அவர் தானே அறைந்துகொள்ளாத நாள் இல்லை. கடைசியில் ஒரு நாள் பஸ் ஏறி விசைக் கந்தோருக்குப் போனார். முன்னைய மாதிரி ஒன்று என்று மாற்றி எழுத வழியுண்டா என்று கேட்டார்.

"இப்ப மாத்தேலாது," என்றார் பணிப்பாளர். "நீங்கள் ரெண்டு மக்கள் எண்டு உறுதியாகிட்டுது. அதை வைச்சுத்தான் தலைமையகம் மூண்டு வருசத் திட்டம் தந்திருக்கு. கவலைப்படாதேங்கோ, நல்லிணக்கத் திருமணம் மூண்டாம் வருசக் கடைசியிலை வருகுது. உங்கட பிள்ளையளைத்தான் போட்டிருக்கிறம்."

"பிள்ளைக்கு இப்பவே இருபத்தொன்பது, சேர்."

"வயது திட்டத்தைப் பாதிக்காது."

கலியாணத்துக்குக் குறித்த நாளில் மண்டபம் காலியாக இருந்ததால் அன்று மன்றத்தின் அறிக்கையை வெளியிட்டார்கள். அட்டையில் கமலாசனி வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் படம். பந்தலும் பாட்டுப்பெட்டியும் ஏற்கெனவே சொல்லி வைத்தவைதான். இரண்டு குடும்பத்துக்கும் அழைப்பு வந்தது. இரண்டும் போகவில்லை.

அடுத்த மாதம் கௌசலா ஜீப்பில் நாயாற்றுக்கு வந்தாள். டக்சாயினி லீவில் வந்திருந்தாள். முற்றத்தில் பலகை போட்டுக் கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கிறகோரி வலையை உதறிக்கொண்டு அருகில் நின்றார். புனிதம் வெளியே வரவில்லை. கௌசலா மடியில் ஒரு கணினிப்பலகையை வைத்து விரலால் தட்டினாள்.

"புதுத் திட்டத்துக்கு ஒரு கேள்விதான் அக்கா. உங்கள் ரெண்டு பேரையும் பிரிச்ச விசை எது?"

டக்சாயினி மீனை வெட்டியபடியே சொன்னாள். "மாமி பேசாமல் நிண்டா. அவர் கடுதாசி வாசிச்சுக்கொண்டிருந்தார்."

கௌசலா தட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி தட்டினாள். "ரெண்டு போட்டா உள்ளை எடுக்குதில்லை அக்கா. ஒண்டைச் சொல்லுங்கோ."

"உங்கட கந்தோரைப் போடு பிள்ளை," என்றார் கிறகோரி.

"அது தெரிவிலை இல்லை ஐயா."

டக்சாயினி கத்தியைக் கீழே வைத்தாள். செதிள் ஒட்டிய கையின் பின்புறத்தால் நெற்றியைத் துடைத்தாள். களப்புப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌசலா அவசரப்படுத்தவில்லை, காத்திருக்கும்படி பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"கடுதாசி வாசிச்சவரைப் போடுங்கோ," என்றாள்.

கௌசலா அழுத்தினாள். இந்தமுறை உள்ளே எடுத்தது.